பதினொரு நிமிடம்

கார்த்தஹேனாவுக்கு வெளியே, வயல்களைத் தாண்டி,
ஜன்னல் இல்லாத ஒரு கொட்டகை.
உள்ளே நான்கு டிகிரி.
முலாம்பழம் தோலுரிந்து, துண்டாகி,
பெல்ட்டில் ஏறி வருகிறது.
வெட்டிய பிறகும் அது மூச்சு விடும் என்று
பயிற்சி நாளில் சொன்னார்கள்.
நான் நம்பவில்லை.
மூடியின் உள்பக்கம் ஆவி படிந்ததைப்
பார்த்தபின் நம்பினேன்.

ஸ்டீல் பெட்டிக்குள் எட்டுக் குழல் விளக்குகள்.
நமக்குத் தெரிவது ஓரத்து நீலம் மட்டும்,
வேலை செய்வது தெரியாத ஒளி.
சில நொடிதான்.
கிருமிகளின் வம்சத்தை அறுத்துவிடும்,
பழத்துக்குச் சூடுகூடத் தெரியாது.
கூடிப்போனால் விளிம்பு பழுப்பேறும்.
ஒரே பலவீனம், அதற்கு வளைந்து போகத் தெரியாது.
துண்டோடு துண்டு ஒட்டிக் கிடந்தால்
ஒட்டிய பக்கம் தப்பித்துக்கொள்ளும்.
அதனால்தான் பெல்ட் குலுங்குகிறது,
சல்லடையில் ரவை புரள்வதுபோல.
புரளாததைப் பெட்டிக்கு முன்பே
புரட்டிவிடுவது என் வேலை.

போன செவ்வாய், இரவு மூன்று மணி.
பெட்டியின் வாயில் துண்டுகள் அடைத்துக்கொண்டன.
திரையை விலக்கிக் கையை விட்டேன்.
திறந்தால் விளக்கு அணைய வேண்டும்.
அணையவில்லை.
வலிக்கவும் இல்லை. அதுதான் மோசம்.

காலையில்
கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே
இரண்டு விரல் அகலச் சிவப்பு வளையல்.
கண்ணுக்குள் மணல்.
"ஜனவரியிலேயே கடற்கரையா, வஃபா?"
கீழ்வீட்டு ஃபுவென்சாந்தா சிரித்தாள்,
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.
வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி வந்து
மூடிய இமைகளில் வைத்தாள்.
அதுவும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்த இரவு டார்ச்சோடு குனிந்தேன்.
கதவுச் சுவிட்சின் நாக்கை அழுத்தியபடி
ஒரு சாண் சாம்பல்நிற டேப்.
லைன் அடிக்கடி நிற்கிறதே என்று யாரோ.
யாரென்று கேட்டால்
எல்லோரும் ஹினேஸைப் பார்ப்பார்கள்,
ஹினேஸ் மேலாளரைப் பார்ப்பான்,
அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

உரித்தேன்.
திரையைத் தூக்கினேன்.
எட்டும் ஒன்றாக அணைந்தன.
பெல்ட் நின்றது.

பதினொரு நிமிடம்.
வெட்டும் மேசையில் கத்திகளும் ஓய்ந்தன.
கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.
இருநூறு கிலோ பழம்
இருட்டுப் பெட்டிக்கு முன்னால்
சத்தமில்லாமல் இனித்துக் கிடந்தது.

ஹினேஸ் ஓடி வந்தான், கையில் புது டேப் சுருள்.
மணிக்கட்டைக் காட்டினேன்.
தோல் உரியத் தொடங்கியிருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
சுருளைப் பைக்குள் போட்டான்.
எந்தப் பை என்று
பார்த்து வைத்திருக்கிறேன்.