நெகிழ்வு விதி

அன்றைய சொல்: நெகிழ்வு.
யூலாலியா மணிக்கட்டு ரப்பர் வளையத்தை
இழுத்துவிட்டுக் காட்டினாள்.
பா ஹூவா அளவுகோலை வளைத்தார்.
திராட்சைத் தோட்டத்திலிருந்து நேரே வந்த தெஸ்ஃபாலெம்
முழங்கையை மடக்கினார், சொடக்கென்றது.
"என்னிடம் இது இல்லை."
பதினான்காம் அறை சிரித்தது.

என் பையில் கல்வி மாவட்டத்தின் கடிதம்.
எந்தப் பணம் எதற்கென்ற கட்டாயம் இனி இல்லையாம்.
இரவு வகுப்புக்கென முடிந்துவைத்தது
முடிச்சு தளர்ந்ததும் பகலுக்கு நழுவலாம்.
பகலைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை:
மூன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்,
அதில் ஒருவன் யூலாலியாவின் மகன்.

மே மாதக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம்.
நான்கு நாள் எழுதியெழுதி அழித்த தாளோடு எழுந்தாள்.
"அவன் டீச்சர் இருக்கட்டும்," என்றாள் முதலில்.
அது தாளில் இல்லாதது.
"அவன் கொண்டுவரும் காகிதங்களை
யார் எனக்குப் படிப்பார்கள்?
அவனா?"
ஓரிடத்தில் காலம் பிசகியது.
நான் திருத்தவில்லை.
மணி அடித்துவிட்டது.

நெகிழ்ந்துபோனேன் என்றார் ஓர் உறுப்பினர்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
பிறகு அவரும் கை தூக்கினார்.
ஐந்துக்கு இரண்டு.

இப்போது பதினான்கில் பத்தொன்பது சின்ன நாற்காலிகள்.
நான் துணிக்கடையில் பில் போடுகிறேன்.
சாவியைத் திருப்பித்தரப் போனபோது பார்த்தேன்,
என் வினைச்சொல் அட்டையைச் சுவரிலிருந்து
யாரும் கழற்றவில்லை.
மகனைக் கூட்டிப்போக வந்தவள்
வாசலுக்கு வெளியே நின்று
உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்:

கோ. வென்ட்.
மூன்றாவதை
ஒரு பையனின் தலை மறைத்தது.