பன்னிரண்டுக்கு முன்னால்

மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குக் கணக்குப் பிடிபட்டது.
டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, சீட்டு எழுதி,
மருந்து வரிசையில் கால் கடுக்க நின்று,
ஆபீஸில் சீல் வாங்கி
ஐகிரவுண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஒருவன் வந்து சேர்கையில்
கடை ஷட்டரைத் தூக்கி அரைமணி ஆகியிருக்கும்.

பத்து நாளாய் நடுக்கத்தை இறக்கி,
பல்லி ஓடிய சுவரை வெறும் சுவராக்கி,
ஊசி போட்டு, இட்லி தங்க வைத்து,
நோட்டில் ‘குணம்’ என்று எழுதி
நாங்களே அனுப்பியிருக்கிறோம்
சரியான நேரத்துக்கு.

போகும்போது துண்டுச் சீட்டு ஒன்று கொடுப்போம்.
சேரன்மாதேவிக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லம்,
தொண்ணூறு நாள், செலவில்லை, போன் நம்பர்.
சீட்டு திரும்பி வரும்.
சட்டைப்பையில் வேர்வையில் ஊறி
மடிப்புப் பிரியாமல்
அதே ஆளோடு, ஸ்ட்ரெச்சரில்.

‘ரவுண்ட்ஸைக் கடைசிக் கட்டிலில் இருந்து ஆரம்பிங்க சார்.’
டாக்டரிடம் கேட்க ஒரு மாதம் தைரியம் சேர்த்தேன்.
சீல் வைக்கிற பால்துரை சிரித்தார்.
‘என்ன மேடம், ரயிலா பிடிக்கப் போறீய?’
ஆமா, என்றேன்.

அப்படித்தான் மாசானமுத்துவும் நானும்
பத்து ஐம்பது பஸ்ஸில்.
நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தோள்
ஜன்னல் கம்பியில் ஒடுங்கிக் கிடக்கிறது.
எனக்கு இலவசச் சீட்டு, அவனுக்குக் காசுச் சீட்டு.
பெண்கள் இருக்கையில் அவனைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்த கண்டக்டர்
எதுவும் கேட்கவில்லை.
மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை, ரெண்டு சாரம், ஒரு சோப்பு.
பீடித் தட்டை இறக்கிவைத்து ஓடிவந்த ஆவுடையம்மாள்
வாசலில் சொன்னது இவ்வளவுதான்:
‘போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க.
பேச வேண்டாம். பேசுனா அழுதுருவாக.’

முன்னீர்பள்ளத்தில் எழுந்தான்.
‘மேடம், ஒண்ணுக்கு.’
அவன் இறங்க நானும் இறங்க
பஸ் போய்விட்டது.
ஒண்ணுக்குப் போகிற பக்கம் அவன் நடக்கவில்லை.
மூடிய ஷட்டருக்கு முன்னால்
நாலு பேர் ஏற்கெனவே நிழலுக்கு ஒதுங்கி நிற்கிறார்கள்.
அதில் ஒரு குரல்: ‘ஏ மாசானம்! எப்பவே வந்த?’
மணி பதினொன்று இருபத்தைந்து.

பயிற்சியில் சொல்லித் தந்த வாக்கியங்கள்
ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.
‘எனக்குப் பசிக்கி,’ என்றேன்.
‘ரெண்டு வடை வாங்கித் தாரியா?’
திரும்பிப் பார்த்தான்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்டு
எவ்வளவு நாளாச்சு என்பதுபோல் ஒரு பார்வை.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
பையைத் துழாவி இருபது ரூபாய் எடுத்தான்.
வடைத்தாளைப் பிடித்த கை
கொஞ்சம் ஆடியது. எண்ணெய் சொட்டியது.
அந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க
ரோட்டோரம் நின்று தின்றோம்.
அடுத்த பஸ் பதினைந்து நிமிடம்.
வாழ்நாளில் அவ்வளவு மெதுவாய் நான் வடை தின்றதில்லை.

வயலில் வாத்துக்கூட்டம்.
பத்தமடை வந்தபோது
கண்டக்டர் மணிக்கட்டை எட்டிப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
பன்னிரண்டு.
ரெண்டு பேரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இல்லத்துக் கதவைத் திறந்தவர் குருசு மைக்கேல்.
அவரும் ஒரு காலம் எங்கள் ஒன்பதாம் கட்டில்தான்.
பதிவேட்டை எடுக்காமல்
‘சாப்பிட்டியாடே?’ என்றார்.
‘வடை,’ என்றான் மாசானமுத்து.
அவள் நம்பருக்கு ரெண்டு ரிங் விட்டு வைத்தேன்.
உடனே அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது.

இருபதாம் நாள் சுவர் ஏறிக் குதிக்கலாம்.
குதித்தவர்கள் உண்டு.
அப்படியென்றால் மறுபடி வார்டு, மறுபடி ஊசி,
மறுபடி இந்த பஸ்.
திரும்பி வருகையில் ஜன்னல் சீட்டில்
யாரோ ஒரு பெண் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்கு ஏழாம் கட்டில். கடையத்துக்காரர்.
பால்துரை லீவு சொல்லியிருக்கிறார்.
பீரோ சாவியை இன்றைக்கே
வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.