முட்டு

விவாகரத்துக்கு முன்பே போட்ட விண்ணப்பம்.
ஒரு துருவமான், இரண்டு பெயர்கள்:
ஹல்வார்ட், யோருன்.
அனுமதிச் சீட்டிடம் யார் போய்ச் சொல்வது?

செப்டம்பர். ஹர்டாங்கர் மேட்டுநிலத்தில்
மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை,
சாய்ந்துகொள்ள ஒரு வேலிக்கால்கூட.
பாசி, கல், கல்லுக்குமேல் கல்.
சரிவில் வழுக்கியதில்
துப்பாக்கியின் இருகால் தாங்கி நொண்டியானது.
மடங்கிய இடதுகால் மடங்கியதுதான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றது கருவி.
இங்கே மயிரிழை ஆடினால்
அங்கே நெஞ்சு வயிறாகிவிடும்.
குடல் கிழிந்த மான் இரவெல்லாம் நடக்கும்.
இருவருக்கும் தெரியும்.

"தோள் கொடுப்பாயா?" என்றான்.

பதினொரு வருஷம்
அவன் அம்மாவிடம், வங்கியில்,
கதவைத் தட்டிய கடன்காரனிடம்
முட்டுக்கொடுத்த தோள்தான்.
காதடைப்பானை மாட்டிக்கொண்டு
முழங்காலிட்டு முதுகைக் காட்டினேன்.
குழாயின் எடை வந்து உட்கார்ந்தது,
நினைத்ததைவிட லேசாக,
விருந்தாளி நாற்காலி நுனியில் உட்கார்வதுபோல.

முதுகைத் தட்டினான். ஒரு காதைத் திறந்தேன்.
"மூச்சை நிறுத்து."
நிறுத்தினேன்.
"இதயமும் இடிக்கிறது. குறுக்குக்கோடு குதிக்கிறது."
அதை எங்கே இறக்கிவைப்பது, ஹல்வார்ட்?

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.
மான் தலை தூக்கியது.
உறைந்தோம்.
மறுபடி மேய்ந்தது.

பிறகு முதுகுப்பையைக் காலிசெய்தான்:
காப்பிக் குடுவை, கயிறு, கத்தி,
பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி.
என் கம்பளிச்சட்டையைக் கேட்டுச் சுருட்டி,
பையின்மேல் வைத்துக் குழாயை அதில் கிடத்தி,
குப்புறப் படுத்தான்.
பின்கட்டைக்கு அடியில்
உலர்பட்டாணி நிரப்பிய பழைய காலுறை,
நான் எப்போதோ பின்னியது.
எதுவும் அசையவில்லை.
நல்ல முட்டுக்கு உயிர் இருக்கக் கூடாது போலும்.

வெடித்தது ஒன்று. பள்ளத்தாக்கு இரண்டு என்றது.
மான் நாலடி நடந்து,
ஏதோ மறந்ததைப்போல நின்று,
பின்னங்கால்களில் உட்கார்ந்தது.

இருட்டுவதற்குள் அறுத்துப் பங்கிட்டோம்.
தராசில்லை; கைக்கணக்கு.
பெரிய தொடையை என் பக்கம் தள்ளினான்,
நான் அவன் பக்கம்,
அவன் மறுபடி.
கடைசியில் இதயத்தை நீட்டினான்.
இன்னும் சூடு.
"இது இடிக்காது" என்றான்.
பதில் சொல்லவில்லை. வாங்கிப் பையில் போட்டேன்.

கம்பளிச்சட்டை திரும்பி வந்தபோது
மருந்து வாசம்;
குழாய் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது.
உதறியிருக்கலாம்.
குளிர். அப்படியே போட்டுக்கொண்டேன்.