பரிந்துரைக்கும் காரணம்

மாவட்டத்திலிருந்து கோணிப்பையில் வந்தன
நாற்பத்திரண்டு புத்தகங்கள்.
பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்கு என்று
பைமேல் ஒட்டியிருந்தது.
பாலக்கோடு பஸ் நிலையத்தில் இறக்கிவைத்த கண்டக்டர்
தக்காளிப் பெட்டிக்கான லக்கேஜ்தான் போட்டார்.

முத்திரை குத்தினேன், எண் போட்டேன்,
தேதிச்சீட்டு ஒட்டினேன்.
படிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.
பின்னட்டை போதும் என்றிருந்தேன்,
பன்னிரண்டு வருடமாக.

மூன்று மாதம் கழித்து ஒரு படிவம்:
சிறந்த எட்டு நூல்கள், விலை,
பரிந்துரைக்கும் காரணம்.
முதல் நூலுக்கு ‘நல்லொழுக்கம் வளர்க்கும்’ என்றெழுதினேன்.
இரண்டாவதற்கும் அதுவே.
மூன்றாவதற்கு, மேற்படி.

விலை பார்க்கத் திறந்தபோதுதான் கண்டேன்,
தேதிச்சீட்டின் ஓரத்தில்
எறும்பு போன மாதிரி பென்சில் எழுத்து.

“முதல் இருபது பக்கம் டவுன் பஸ்.
மாரண்டஅள்ளி தாண்டினா பறக்கும். நடுவுல இறங்கிடாதீங்க.”

இன்னொன்றில்:
“அட்டையில பேய் இருக்கு. உள்ள இல்ல.
ஆனாலும் ராத்திரி பாத்ரூமுக்கு
தங்கச்சிய எழுப்பிட்டுத்தான் போனேன்.”

வௌவால்களைப் பற்றிய தடித்த புத்தகத்தில்:
“படம் மட்டும் பார்க்கலாம்னு எடுத்தேன். முடியல.
இப்ப எங்க மாமரத்துல எண்ணிட்டிருக்கேன். பதினேழு.”

பரிசு பெற்றதென்று தங்க வட்டம் ஒட்டிய ஒன்றில்:
“அறிவுரை வர்ற பக்கம் 12, 31, 47, 48. தாண்டிடலாம்.”
அதன் கீழே வேறொரு கை, அழுத்தி எழுதும் கை:
“47 தாண்டாத. அடியில ஒரு ஜோக் இருக்கு.”

விதி எனக்குத் தெரியும்.
கிறுக்கினால் அபராதம், அழிக்க வேண்டியது நூலகர்.
ரப்பரை எடுத்தேன்.
எதற்கும் இருக்கட்டுமென்று 47ஐப் புரட்டினேன்.
ஜோக் இருந்தது.
நாளிதழை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த
ஓய்வுபெற்ற சர்வேயர் விழித்துக்கொள்ளும்படி சிரித்தேன்.

உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன்.
‘ழ’வுக்கு இவ்வளவு நீள வால் யார் போடுவார்?
உமைராவா, பெல்ரம்பட்டியிலிருந்து
அண்ணன் சைக்கிளில் வரும் சிவசங்கரியா?
கண்டுபிடித்து என்ன செய்ய, அபராதமா?
பதிவேட்டை மூடினேன்.
காரணப் பத்தியில் அவர்கள் எழுதியதையே எழுதினேன்,
ஓர் எழுத்து மாற்றாமல்.

படிவம் திரும்பி வந்தது.
‘காரணம் தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பவும்.’
திருத்தினேன்.
டவுன் பஸ் என்பதை நகரப் பேருந்து என்று.

எட்டாவது நூலுக்கு மட்டும்
அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன்.
அதன் சீட்டில் இருந்தது இது:
“இதுல அப்பா திரும்பி வரமாட்டாரு. முன்னாடியே சொல்லிடறேன்.
நான் கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்து ஏமாந்தேன்.”

ஏழாம் வகுப்பு மாதேஷ் ஒருநாள் அதை எடுத்தான்.
அவன் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
பொங்கலுக்கு வருவதாகச் சொன்னது,
ஆடியும் போய்விட்டது.
சீட்டைப் படித்தான்.
இருந்த இடத்திலேயே செருகிவிட்டு
வௌவாலை எடுத்துக்கொண்டு போனான்.

நல்ல புத்தகம் கொண்டுபோடா என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
வேண்டாம் என்று சொல்லவும்தான்.

மூன்று வாரம் கழித்து
வௌவாலை மேசைமேல் வைத்து, “அது இருக்கா?” என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை
சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.
“தேதி தாண்டிருச்சு மேடம்” என்று
ஈரமான இரண்டு ரூபாயை நீட்டினான்.
ரசீது போட்டேன். போய்விட்டான்.

சீட்டைப் பார்த்தேன்.
பழைய வரிக்குக் கீழே, கோணலாக:

“தெரிஞ்சுதான் எடுத்தேன்.
ஆனாலும் காத்திருந்தேன்.”