பழுதுக்கு வந்த வண்டி

துலூத்தில் ஏப்ரல் பிறந்தும் ஏரி இறுகித்தான் கிடக்கிறது.
பழைய தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டில்
ஹீட்டர் ஒன்று, நாங்கள் ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கும் சேர்த்து
பதினோரு நல்ல முழங்கால்கள்.

முப்பத்தொரு வருஷம் வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால்
ஊரார் பணத்தை எண்ணியவள் நான்.
ஒரு சென்ட் உதைத்தாலும் வீட்டுக்குப் போகமாட்டேன்.
இங்கே இருக்கைக்கு உறை தைக்கிறேன்.
டோய்வோ கங்காஸ்
இரும்புத்தாது ரயிலில் பிரேக் பரிசோதகர்.
நூற்றெண்பது பெட்டிகளைச் சரிவில் நிறுத்திய மனுஷன்
பதினான்கு கிலோவை நகர்த்துவது எப்படி என்று
பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

வண்டி எண் நாற்பத்தாறு. மஞ்சள்.
ஹேட்டிக்கு. வயது மூன்று.
இடுப்புக்குக் கீழே சொன்ன பேச்சு கேட்காத உடம்பு.
ஆகஸ்டில் கொடுத்தோம்,
இன்று திரும்பி வந்திருக்கிறது.

மேசைமேல் ஏற்றினோம்.
டோய்வோ கண்ணாடியை மாற்றினார், டார்ச் எடுத்தார்.
ரயில்வேயில் சொன்ன அதே குரலில்
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

இடது சக்கரம். அச்சில் நாய் முடி, கறுப்பு.

அவர்கள் வீட்டில் நாய் கிடையாதே, என்றேன்.
பக்கத்து வீட்டில் இருக்கும், என்றார் டெல்பர்ட்.
அப்படியானால் பக்கத்து வீடு வரைக்கும், என்றார் டோய்வோ.
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.

வலது சக்கரம். சாலை உப்பு, காய்ந்த சேறு,
அரை மண்புழு.
முன் உருளை. விரிசல். படியில் இறக்கியதால்...
இல்லை, அடி. இறங்கியதால் என்று எழுது.
இருக்கை உறை. திராட்சை ஜாம்.
தையல் இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது.
(என் தையல். ஒப்புக்கொள்கிறேன்.)
முன்பலகை. பல் தடம், நான்கு.
டெல்பர்ட் பல் மருத்துவராக இருந்தவர்; குனிந்து பார்த்தார்.
கடைவாயில் நன்றாக முளைத்திருக்கிறது, என்றார்,
ஏதோ தன் வீட்டுப் பிள்ளை மாதிரி.

பழுதுக்குக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது
டோய்வோ வெகுநேரம் யோசித்தார்.
ஓட்டம், என்றார்.

எண் முப்பத்திரண்டும் இப்படித் திரும்பி வந்ததுதான்.
ஒரு கீறல் இல்லை.
உறையில் நான் தேய்த்த மடிப்புகூடக் கலையவில்லை.
அதற்கு யாரும் பட்டியல் போடவில்லை.
மேல்தட்டில் இருக்கிறது.
வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்று
வருஷத்துக்கு ஒருமுறை யாராவது சொல்வோம்.
ஆமாம், கொடுக்கலாம் என்று
யாராவது பதிலும் சொல்வோம்.

ஹேட்டியின் அம்மா கதவருகிலேயே நின்றாள்,
வெளியே காரை அணைக்காமல்.
மன்னித்துக்கொள்ளுங்கள், புத்தம்புதுசாக வாங்கிப் போனது.
நான் இன்னும் கவனமாக இருந்திருக்கணும்.
போன வாரம் அடுப்பைத்தான் திரும்பிப் பார்த்தேன்,
அதற்குள் ஆளைக் காணோம்...
சொன்னவள் பாதியில் நின்றாள்.
காணோம், என்றாள் மறுபடி,
வாய்க்குள் புது மிட்டாயை உருட்டுகிறவள் போல.
கேரேஜுக்குப் பின்னால் இருந்தாள். அந்த நாயோடு.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:
கொஞ்சம் மெதுவாகப் போகிறமாதிரி
செய்து தர முடியுமா?

நாங்கள் எட்டுப் பேரும் டோய்வோவைப் பார்த்தோம்.
மெதுவாக்குவதுதானே அவர் பிழைப்பு.
அவர் உருளையைக் கழற்றிக்கொண்டே,
தலை நிமிராமல்,
முடியும். சக்கரத்தை இறுக்க ஒரு வாஷர் வேணும்.
அது தீர்ந்துபோச்சு, என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரியில்,
வாஷர் ஒரு டப்பா நிறைய.

காருக்குள்ளிருந்து ஹேட்டி
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்,
வண்டியைக் கேட்டு.

சரக்கேட்டைத் திறந்தேன்.
வாஷர், கையிருப்பு: இல்லை,
என்று எழுதி
கையெழுத்தும் போட்டேன்.