மலையோடு சேர்ந்த மந்தை

வழியில் ஏழு கதவுகள்.
இறங்கித் திறந்து, வண்டியைக் கடத்தி,
இறங்கிச் சாத்தி,
ஏழாவதில் நாய் குரைக்கும்.
ஹாவோட் அ குவிண்ட்.
வேல்ஸ் மொழியில் காற்றின் கோடைக்குடில் என்று பொருள்.
நான் போனதெல்லாம் ஐப்பசி மழையில்.

வண்டியில் ஒரு கருவி, ஒரு சாயவாளி, மூன்று படிவம்.
செர்னோபில் வெடித்த அடுத்த வாரம்
இந்த மலையில் பெய்த மழை
புல்லில் இறங்கி, புல்லிலிருந்து கறியில் ஏறி,
பத்தாண்டு ஆகியும் போகவில்லை.
ஆடு ஆடாக அளப்பது என் உத்தியோகம்.

இத்வால் பாரி தொடைகளுக்கிடையே ஆட்டை இடுக்கிக்கொள்வார்.
பின்சப்பையில் கருவியை அழுத்திப்
பத்து வரை எண்ணுவேன்.
கூடினால் நெற்றியில் ஆரஞ்சு.
ஆரஞ்சு பட்டது சந்தைக்குப் போகாது.
குழலி என்ற என் பெயரில் ழகரம் அவருக்கு வராது.
அவர் ஊர்ப் பெயரின் இரட்டை எல் எனக்கு வராது.
கணக்கு நேர்.

பாரி என்று படிவத்தில் எழுதும்போதெல்லாம்
எனக்குள் ஒரு சிரிப்பு.
மலை இருக்கிறது.
முல்லைக்குக் கொடுக்கத் தேர்தான் இல்லை,
ஒரு டிராக்டர், அதுவும் கடனில்.

மழை வலுத்த ஒரு மதியம்
பேரேட்டை மேசையில் வைத்து
வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னார்.
ஐந்து கையெழுத்து. பக்கமெல்லாம் கம்பளிப் பிசுக்கு.

1851. பிரபுவின் ஆள் சங்கிலியோடு வந்தான்.
பொதுமேய்ச்சல் இனி அவருடையதாம். வாடகை பன்னிரண்டு பவுண்டு.

1917. கம்பளி முழுவதும் ராணுவத்துக்கு.
ஹியூவும் போனான்.
(ஹியூ திரும்பியதாக எங்கும் இல்லை.
அடுத்த வரி, உப்பு வாங்கிய செலவு.)

1947. பனி.
பிறகு ஏழு வாரம் வெற்றுத்தாள்.
பிறகு ஐந்து ஐந்தாய்க் கோடுகள்.
எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு.
முந்தின கார்த்திகையில் நானூற்றுப் பதினொன்று.

1986, மே 3. அவருடைய கையெழுத்து.
நல்ல மழை.
அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அலுவலகம் வரைபடம் கேட்டது.
மேல்சரிவில் வேலி எங்கே?
இல்லை என்றேன்.
எல்லை இல்லாமல் எப்படி மேய்கின்றன?
இதைப் படிவத்தில் எழுத இடமில்லை:
தாய் மேய்ந்த சரிவைக் குட்டி கற்கிறது,
அதன் குட்டி அதனிடம்.
ஓடைக்கு இந்தப் பக்கம், அந்தக் கரும்பாறை வரை.
குனெவின் என்பார்கள்.
குத்தகை கைமாறினாலும் மந்தை மலையோடு கிடக்கும்.
வருகிறவன் ஆடுகளை வாங்குகிறான்,
ஆடுகள் அவனை விசாரிப்பதில்லை.
பிரபுவின் சங்கிலி அளக்காமல் விட்டது இதைத்தான்.

எல்லாவற்றையும் கொன்று ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு
புதிதாகத் தொடங்கினால் என்ன என்று
என் மேலதிகாரி கேட்கச் சொன்னார். கேட்டேன்.
இத்வால் கோபப்படவில்லை.
புது ஆட்டை விட்டால், என்றார்,
நாளைக் காலையில் அடுத்த கணவாயில் நிற்கும்.
அந்த அறுபத்திரண்டுதான் மலையைத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தன.
நான் மறந்ததெல்லாம் அவற்றுக்குத் தெரியும்.
தேநீர் ஆறிவிட்டது.
மிச்சம் முப்பது ஆட்டை நனைந்துகொண்டே அளந்தோம்.

2012இல் தடை நீங்கியது.
இத்வால் அதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டார்.
மகள் லௌரி கூப்பிட்டாள்,
பேரேட்டில் என்ன எழுதட்டும்?
தெரியவில்லை என்றேன்.
அவளே எழுதினாளாம்: ஈரம். குட்டிகள் நூற்றெண்பது.

அந்த வாரம் கருவி இல்லாமல் ஒருமுறை போனேன்.
திரும்பும்போது, பாதித் தூரம் வந்தபின்
நான்காவது கதவைச் சாத்தினேனா என்று சந்தேகம்.
வண்டியைத் திருப்பினேன்.

திறந்துதான் கிடந்தது.
ஒன்றுகூட வெளியே வரவில்லை.
கிழிந்த காதுள்ள கிழட்டு ஆடு மட்டும்
கதவிடுக்கில் நின்று
என் கையைப் பார்த்தது,
வாளி இருக்கிறதா என்று.