உப்பு வண்டி

அதிகாலை மூன்று மணிக்குக் கெண்டைக்கால்
தானே கயிறு திரிக்கிறது.
கட்டிலை விட்டுக் குதித்துக் குளிர்ந்த தரையில்
ஒற்றைக்காலில் நிற்கிறேன்,
ஏரி உறைந்துபோன கொக்கு.
வெளியே டுலூத் நகரம் பனிக்குள் தூங்குகிறது.
இன்னும் ஒரு மணி நேரத்தில்
நான் போய் அதற்கு உப்புத் தூவ வேண்டும்.

பதினோரு வாரம்.
உருளைக்கிழங்கு இல்லை, ரொட்டி இல்லை, பீர் இல்லை.
அக்கா ஐலி அனுப்பிய ஏலக்காய் ரொட்டி
பிரித்த வாசனையோடு டிப்போ மேசைக்குப் போய்விட்டது.
பெல்ட்டில் ஆணி அடித்து
இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன்.
சர்க்கரை இறங்கிவிட்டது, சபாஷ் என்றார் டாக்டர்.
கால் பிடித்து இழுப்பதை அவரிடம் சொல்லவில்லை.
கனரக வண்டி ஓட்டுகிறவன்
காலைப் பற்றி வாய் திறந்தால்
முதலில் சாவியைத்தான் கேட்பார்கள்.

நேற்று லேக் அவென்யூ இறக்கத்தில்
பிரேக்கின் மேல் வைத்த பாதம்
என் பாதமாக இல்லை.
இரண்டு நொடி. மூன்று இருக்கலாம்.
கீழே சிவப்பு விளக்கு, அதற்கும் கீழே ஏரி.

ஷிப்ட் முடிந்ததும் மருந்துக்கடை, ஆறாவது வரிசை.
தரையிலிருந்து தலைக்கு மேல் வரை புட்டிகள்.
மெக்னீசியம் மட்டும் ஐந்து குடும்பப் பெயர்களில்.
ஆக்சைடு மலிவு. சிட்ரேட் கொஞ்சம் கூட.
கிளைசினேட்டின் விலையைப் படித்துவிட்டு
மெதுவாகத் திருப்பி வைத்தேன்.
ஆண்களுக்கான மல்ட்டிவைட்டமினில்
மலையேறும் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்,
பல் மருத்துவர் வீட்டுப் பிள்ளை போல.
கரடி உருவத்தில் மிட்டாய் வைட்டமின்,
கரடி ஒன்றுக்கு இரண்டு கிராம் சர்க்கரை:
பின்பக்கம், எறும்பு எழுத்தில்.
ஒரு கூடை நிறைய அள்ளினேன்.
பயந்தவன் கடைக்குப் போனால் அப்படித்தான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் மார்பட்டையில்
பா ஞியா வாங் என்று இருந்தது.
கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை?"
சொன்னேன்.
பொட்டாசியத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்,
குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல.
"இது இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாது.
தவிர, பாதி அவகாடோவில் இருப்பதை
இதிலிருந்து எடுக்க நாலைந்து மாத்திரை விழுங்க வேண்டும்."
ஆக்சைடையும் எடுத்தாள்:
"இது காலுக்குப் போவதை விடக் கழிப்பறைக்குப் போவது அதிகம்."
மலையேறுகிறவன் போனான். கரடிகள் போயின.
மிஞ்சியது ஒரு சிட்ரேட்டும்
குளிர்காலத்துக்கு வைட்டமின் டி ஒன்றும்.

பிறகு என் மேல்சட்டையில் நகராட்சி முத்திரையைப் படித்தாள்.
"மாவுச்சத்தைக் குறைத்தால்
சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காது, தெரியுமா?
ஊர் முழுக்கப் போடுகிறீர்கள்,
உங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை."
சிரிக்கவில்லை அவள். நானும்தான்.
"ஆனால் நீங்களாக அள்ளிப் போட வேண்டாம்.
இந்த எடைக்கு அந்த அழுத்த மாத்திரையே
இப்போது அதிகமாக இருக்கலாம்.
டாக்டரைக் கூப்பிடுங்கள். காலையும் சொல்லுங்கள்."

காலையும் சொன்னேன்,
வண்டி நிறுத்துமிடத்தில், எஞ்சினை அணைக்காமல்.
அவர் சாவியைக் கேட்கவில்லை.
இரண்டு நாள் வண்டி வேண்டாம் என்றார்,
ரத்தம் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார்,
தினம் ஒரு கோப்பை எலும்புச் சாறு, உப்புப் போட்டு.
அந்த இரண்டு நாளும் என் தடத்தில்
ரோலாண்ட் பெல்காஸ்ட்ரோ ஓட்டினான்.
திருப்பங்களில் கஞ்சன் அவன், ஒரு கைப்பிடி கூட விழாது.

இப்போது பிளாஸ்கில் சாறு,
முதுகுக்குப் பின்னால் ஒன்பது டன் உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம்
சாலைக்குப் பொருந்தாது.
வசந்தம் வந்தால் அது எல்லாவற்றையும்
ஏரியில் விட்டுவிடும்.
இறக்கத்தின் உச்சியில் ஒருமுறை
பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துப் பார்க்கிறேன்.
ஐந்தும் பதில் சொல்கின்றன.
சின்ன விரல் கொஞ்சம் தாமதமாக.